அம்மம்மாவா, அக்காவா, டே கெயாரா: லீவு முடிந்தால் பிள்ளை யாரிடம்?

பிள்ளைக்கு மூன்று மாதம் நடக்கும்போது, ஆடி மாதத்து ஒரு இரவு, பால் கொடுத்துக்கொண்டே சுவர்க் கலண்டரில் நாள் எண்ணத் தொடங்கினேன். மகப்பேற்று லீவு 84 வேலை நாள் என்று கேட்கும்போது பெரிய தொகை மாதிரித்தான் இருந்தது. சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா எல்லாம் கழித்து எண்ணுகிற கணக்கு, நாலு மாதத்தைத் தாண்டும், பயப்படாதே என்று அலுவலகத்து அக்கா ஒருவர் தைரியமும் சொல்லியிருந்தார். பிரசவத்துக்கு ஒரு கிழமை முன்பே நான் லீவு போட்டிருந்ததால் எண்ணி முடித்தபோது மிச்சம் இருபது நாள்தான். இருபது நாளில் இந்த உருண்டையை யாரிடமோ கொடுத்துவிட்டு, காலை எட்டரைக்கு திருகோணமலை உட்துறைமுக வீதியில் என் அரச அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து கண்டவரை எல்லாம் கேட்டேன். கிளினிக் வாங்கில் இருந்தவர்கள், அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், என்னோடு படித்து இப்போது வங்கியில் இருக்கிற ஒருத்தி, ஆசிரியையாக இருக்கிற மச்சாள். எல்லாரும் தங்களுக்குச் சரிவந்ததையே சொன்னார்கள். "அம்மாவிடம் விடு, வேறு கதை வேண்டாம்", "டே கெயார்தான் நல்லது, பிள்ளை சுறுசுறுப்பாக வளரும்", இப்படி. கொஞ்ச நாளில் கேள்வியை மாற்றினேன். உங்கள் ஏற்பாடு கடைசியாக எப்போது குழம்பியது, அன்றைக்கு யார் வீட்டில் நின்றது? அப்போதுதான் உண்மைக் கதைகள் வந்தன. கீழே எழுதியிருப்பது அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களை வைத்துத்தான்.

முதலில் லீவையே நீட்டுவதைப் பார்ப்போம், ஏனென்றால் அதை ஒரு தெரிவாகவே பலர் நினைப்பதில்லை. அரச வேலையில் இருப்பவர்களுக்கு முழுச் சம்பளத்தோடு 84 நாள் முடிந்ததும் அரைச் சம்பளத்தில் 84 நாள், அதற்குப் பிறகு சம்பளமில்லாமல் இன்னொரு 84 நாள் எடுக்க இடமிருக்கிறது. அரைச் சம்பள லீவை எடுத்தாலே பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டிவிடும். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு சோறு, பருப்பு, மரக்கறி என்று தொடங்கலாம் என்பதுதான் கிளினிக்கில் சொல்வது. நாலு மாதப் பிள்ளையை இன்னொருவரிடம் விடுவதற்கும், ஒரு கோப்பை குழைத்த சோறு சாப்பிடுகிற ஏழு மாதப் பிள்ளையை விடுவதற்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

ஆனால் அரைச் சம்பளம் என்றால் பாதிக் காசு கைக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் பாதியாகும், கடன் பாதியாகாது. ஒரு பேச்சுக்கு உங்கள் சம்பளம் 80,000 ரூபாய், அதில் 30,000 கடனுக்குப் போகிறது என்று வையுங்கள். வழமையாகக் கையில் 50,000. அரைச் சம்பளத்தில் 40,000 வந்து, அதே 30,000 போய், மிச்சம் 10,000. பால்மா வாங்காத வீட்டுக்கும் அது காணாது. இதை முதலே தெரிந்து, கர்ப்பமாக இருக்கும்போதே கொஞ்சம் ஒதுக்கி வைத்தவர்களால்தான் நிம்மதியாக வீட்டில் இருக்க முடிந்தது.

தனியார் துறையில் இந்தக் கதையே இல்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் 84 நாள், அதில் 14 பிரசவத்துக்கு முன், 70 பின். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84 தான், அதற்கு முன் மூன்றாவது பிள்ளைக்குப் பாதிதான் கிடைத்தது. அதற்கு மேல் முதலாளியின் மனது. வங்கித் தோழி வேலைக்குத் திரும்பியபோது அவள் மகனுக்கு நாலு மாதம்கூட நிரம்பவில்லை.

சரி, அம்மா.

எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பது. கலியாணம் முடித்தும் மகள் அம்மாவின் வளவிலேயே இருப்பாள், மருமகன்தான் பெட்டியோடு வருவார். அதனால் கிழக்கில் நூற்றுக்கு எத்தனையோ வீட்டில் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் அம்மம்மா இருக்கிறார். வேலைக்காக வளவை விட்டு வந்த எங்களைப் போன்றவர்களுக்குத்தான் சிக்கல். நான் இருப்பது உப்புவெளியில், அம்மா தம்பலகாமத்தில். தினமும் வந்து போகிற தூரமா அது? அம்மா வருவதென்றால் இங்கே வந்து தங்க வேண்டும், அங்கே அப்பா, இரண்டு மாடு, ஒரு துண்டு வயல் எல்லாம் தனியே நிற்கும். அப்பாவுக்குத் தேநீர் போடத் தெரியும், அவ்வளவுதான் தெரியும்.

அம்மா கையில் பிள்ளை இருக்கிறது என்றால் அலுவலகத்தில் இருந்து ஒரு முறைகூட போன் எடுக்கத் தோன்றாது. அந்த நிம்மதிக்கு விலை சொல்ல முடியாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனாலும் நான் கேட்ட கேள்வியை அம்மாவின் விஷயத்திலும் கேட்டே ஆக வேண்டும். இந்த ஏற்பாடு எந்த நாளில் குழம்பும்? மாதம் ஒரு முறை அம்மாவுக்கு பிரசர் கிளினிக், விடியவே போய் நம்பர் எடுத்தால்தான் மத்தியானத்துக்குள் மருந்தோடு வரலாம். பெரும்போக அறுவடைக்கு மாசி, பங்குனியில் தம்பலகாமத்தில் அவர் இல்லாமல் முடியாது, சிறுபோகத்துக்கு ஆவணியில் இன்னொரு தடவை. அப்புறம் முழங்கால். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்க அந்த முழங்கால் போதும். எட்டு ஒன்பது மாதத்தில் தவழ்ந்து குசினிப் படியில் இறங்குகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட அது போதாது. அம்மா இதைத் தானாகச் சொல்லவே மாட்டார். "எனக்கென்ன, நான் நாலு பெற்று வளர்த்தவள்" என்பார். இரவில் சித்தாலேப தைலம் மணக்கும்போதுதான் எங்களுக்குத் தெரியவரும்.

வளர்க்கிற முறையிலும் இழுபறி உண்டு. விக்கல் எடுத்தால் ஒரு கரண்டி தண்ணீர், வயிற்றுக்குச் சீனித்தண்ணி, நாக்கில் கொஞ்சம் தேன் என்பது அம்மாவின் வைத்தியம். ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. இதை நான் சொன்னால், "உன்னை நான் வளர்க்கவில்லையா?" என்று கேட்பார். அதனால் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்த நாளில் மெதுவாகக் கதையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். மிஸ் சொன்னதும், "ஓம் மிஸ், சரி மிஸ்." பிறகு பக்கத்து வீட்டு ஆளுக்கு அம்மாவே தேன் கூடாது என்று வகுப்பெடுத்தார். மாமியார், அம்மா யாராக இருந்தாலும் இந்த வழியைச் சிபாரிசு செய்கிறேன்.

காசு விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா சம்பளம் கேட்க மாட்டார், கொடுத்தாலும் வாங்க மாட்டார். அதனால் அம்மாவிடம் விடுவது இலவசம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். அப்பாவின் சாப்பாட்டுக்கும், பால் கறக்க வருகிறவருக்கும், அம்மா வந்து போகிற பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் யார் கொடுப்பது? நாங்கள் அப்பாவுக்குச் சமைத்துக் கொடுக்கிற சித்திக்கு மாதம் ஒரு தொகை அனுப்பினோம். அம்மா அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே எனக்கு எல்லாம் சொல்லிவிட்டது.

அடுத்தது, வீட்டுக்கு வந்து பிள்ளை பார்க்கிற அக்கா. பிள்ளை தன் வீட்டில், தன் ஏணையில் தூங்கும், மழையில் காலையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், சின்னத் தடிமனுக்கெல்லாம் லீவு போட வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் ஒரு பெரியவரும் பேசத் தெரியாத ஒரு பிள்ளையும் மட்டும்தான். என்ன நடந்தது என்று பின்னேரம் நமக்குச் சொல்ல ஆள் இல்லை. நல்லவர்கள்தான் அதிகம், ஆனாலும் பக்கத்து வீட்டு ஆட்கள் எந்த நேரமும் எட்டிப் பார்க்கிற முற்றம் இருந்தால் மட்டும் இதற்குப் போங்கள். மாடி வீட்டு வாடகை அறையில் வேண்டாம். அந்த அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உங்களுக்கு லீவு. அவருக்கு வெளிநாட்டுக்கு விசா வந்தால் ஒரு கிழமை அவகாசத்தில் நீங்கள் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ஆசிரிய மச்சாளுக்கு ஒரே வருடத்தில் இரண்டு பேர் அப்படிப் போனார்கள், ஒருவர் குவைத்துக்கு, ஒருவர் சவூதிக்கு. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, நாங்கள் கொடுக்கிற காசை விட அங்கே கூட.

"தூரத்தில் இருந்து ஒரு பிள்ளை எடுத்துத் தருகிறேன், பதினைந்து வயது, சொன்னபடி கேட்கும்" என்று யாராவது வந்தால் கதவிலேயே அனுப்பிவிடுங்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. சட்டத்தை விடுங்கள், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையின் இடுப்பில் நம் பிள்ளையை ஏற்றிவிட்டு நாம் என்ன அலுவலகத்தில் கிழிக்கப் போகிறோம்?

அயலில் ஒரு அன்ரி வீட்டில் விடுவதுதான் திருகோணமலையில் பெயரில்லாமல் நடக்கிற பெரிய ஏற்பாடு. பலகை கிடையாது, பதிவு கிடையாது. ஓய்வுபெற்ற ஒருவர், அல்லது தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற ஒருவர், இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்ப்பார். மத்தியானம் அவர் வீட்டுச் சோற்றில் ஒரு பிடி நம் பிள்ளைக்கும் குழைத்துக் கொடுப்பார். எங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருக்கிறார், மூன்றாவது வீடு. குறை என்றால் தொலைக்காட்சி. காலை ஒன்பதுக்குப் போட்டால் அது பின்னேரம் வரை ஓடும். மற்றது, அவர் வீட்டில் கலியாணம், செத்த வீடு, கோயில் திருவிழா என்றால் அன்று கதவு பூட்டு. முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சொல்வார்.

டே கெயாருக்கு வருவோம். முன்பள்ளியையும் இதையும் போட்டுக் குழப்ப வேண்டாம். முன்பள்ளி மூன்று வயதுக்கு மேல், அதுவும் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பகல் முழுதும் பார்க்கிற இடங்களிலும் ஒரு வயதுக்குக் கீழே எடுக்கிறவர்கள் குறைவு. நான் கேட்ட நாலு இடத்தில் இரண்டில், "நடக்கத் தொடங்கிய பிறகு கொண்டுவாருங்கள்" என்றார்கள்.

மற்ற இரண்டையும் போய்ப் பார்த்தேன். ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தேன் என்றால் அது பின்னேரம் மூன்று மணிக்குப் போனதுதான். காலை பத்து மணிக்குப் போனால் எல்லா இடமும் கூட்டித் துடைத்து, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு இருப்பார்கள். மூன்று மணி என்றால் பார்க்கிறவர்களும் களைத்திருப்பார்கள், பிள்ளைகளும் தூங்கி எழுந்து சிணுங்குவார்கள், அப்போதுதான் இடத்தின் உண்மை முகம். முதல் இடத்தில் ஏழு பாய், ஒரு அக்கா. ஜன்னல் விளிம்பில் மூன்று பால் போத்தல், ஒன்றிலும் பெயர் இல்லை, வெயில் நேராக அதில் விழுகிறது. அந்த அக்கா மிக அன்பானவர், அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டே என்னோடு கதைத்தார், ஆனால் அவருக்கு இரண்டு கைதான். இரண்டாவது இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனி அறை, நுளம்பு வலை, நாலு பிள்ளைக்கு இரண்டு பேர். போத்தல்களில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயரும் நேரமும் எழுதி பிரிட்ஜில் வைத்திருந்தார்கள். கட்டணம் கிட்டத்தட்ட என் சம்பளத்தில் மூன்றில் ஒன்று.

கேட்க மறக்கிற விஷயம் விடுமுறை. முன்பள்ளியோடு சேர்த்து நடத்துகிற இடங்கள் பள்ளி விடுமுறைக்கு மூடிவிடுவதுண்டு, உங்கள் அலுவலகம் மூடாது. பூட்டுகிற நேரத்தையும் கேளுங்கள். அரச அலுவலகம் நாலேகாலுக்கு விடும், வங்கித் தோழிக்கு ஆறு மணிக்கும் வேலை முடியாத நாள் உண்டு. ஐந்து மணிக்குப் பூட்டுகிற இடம் அவளுக்கு எதற்கு? காய்ச்சல் என்றால் எல்லா இடமும் பிள்ளையை எடுத்துப் போகச் சொல்லும், அது சரியும்கூட. முதல் மாரியில், ஐப்பசி கார்த்திகை மழையோடு, மாதத்தில் ஒரு கிழமை தடிமன் காய்ச்சலில் போகும் என்று டே கெயார் அம்மாக்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் கிழமைக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஆக, டே கெயார் எடுத்தாலும் அம்மாவோ அன்ரியோ பின்னால் இருந்தே ஆக வேண்டும்.

ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் டே கெயாரில் தமிழ், சிங்களம், முஸ்லிம் பிள்ளைகள் கலந்துதான் இருப்பார்கள். அலுவலகத்து அக்காவின் மகள் இரண்டு வயதில் வீட்டுக்கு வந்து "அம்மா, வத்துர" என்று கேட்க, அம்மம்மா திகைத்துப்போய்ப் பிள்ளைக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஏதனம் எடுத்து ஓடினாராம். பிள்ளை சிங்களத்தில் தண்ணீர்தான் கேட்டிருந்தது.

எந்த ஏற்பாடு என்றாலும் பால் கணக்கு ஒன்றுதான். கறந்த தாய்ப்பால் 25 பாகைக்கு மேற்படாத அறையில் நாலு மணித்தியாலம் வரை, பிரிட்ஜில் நாலு நாள் வரை இருக்கும். கச்சான் காற்று அடிக்கிற ஆடியில் எங்கள் வீட்டு அறை 25 பாகையா? இரவு பன்னிரண்டு மணிக்கும் இல்லை. அதனால் மீன் வாங்க எடுத்துப் போகிற மாதிரி ஒரு சின்ன ரெஜிபோம் பெட்டி, புதிதாக, ஐஸோடு. நேரே அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீரில் போத்தலை வைத்துச் சூடாக்க வேண்டும், சூடாக்கியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்ட மனம் வராது, கொட்டத்தான் வேண்டும். கோப்பையிலும் கரண்டியிலும் குடிக்கப் பழக்குவதை லீவு முடிய இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள், வேறு ஆள் கொடுக்கட்டும், நீங்கள் அறையில் இருந்தால் பிள்ளை அவற்றைத் திரும்பியும் பார்க்காது.

இடம் அலுவலகத்துக்குக் கிட்டவா, வீட்டுக்குக் கிட்டவா என்பதும் இதோடு சேர்ந்தது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற வேலைத்தலங்களில் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை நாளுக்கு இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை உண்டு, அங்கேயே பிள்ளைக் காப்பகம் இருந்தால் அரை மணித்தியாலம், இல்லையென்றால் ஒரு மணித்தியாலம். பிள்ளை ஸ்கூட்டியில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் உங்களுடையது. கிண்ணியாவிலோ மூதூரிலோ விட்டுவிட்டு நகரத்துக்கு வந்தால் அது தாளில் மட்டும்தான்.

பிள்ளையின் அப்பாவை இவ்வளவு நேரம் எழுதவில்லையே என்று கேட்பீர்கள். அரச ஊழியருக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள் லீவு, அதற்குள் பெயர் வைக்கவே நேரம் போதாது. ஆனால் பிறகு வருகிற காய்ச்சலுக்கெல்லாம் அம்மாதான் லீவு போட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் வீட்டில் இது சண்டையில்தான் தீர்ந்தது: முதல் நாள் நான், இரண்டாம் நாள் இவர், மூன்றாம் நாள் நான்.

கடைசியில் ஒன்றைத் தெரிவு செய்யவில்லை, மூன்றைச் சேர்த்துக் கட்டினோம். அரைச் சம்பள லீவை எடுத்தேன், அதற்கு என் இரண்டு காப்பு அடகுக்குப் போனது. கார்த்திகையில் வேலைக்குத் திரும்பியதிலிருந்து அம்மா திங்கட்கிழமை முதலாவது பஸ்ஸில் வந்து வியாழன் பின்னேரம் போகிறார், வெள்ளிக்கு மூன்றாவது வீட்டு அன்ரி, ஒரு வயது முடிந்ததும் அந்தப் பிளாஸ்டர் ஒட்டிய டே கெயாருக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். அம்மா மட்டும் என்றால் மாசியில் முறிந்திருக்கும். டே கெயார் மட்டும் என்றால் முதல் மழையிலேயே.

தை மாதம் புதுக் கலண்டர் வந்ததும் மூன்று பேருமாக இருந்து குறித்தோம். ஒன்பது மாத எம்எம்ஆர் தடுப்பூசி, அம்மாவின் கிளினிக் நாட்கள், அன்ரியின் மகள் கலியாணம். மாசித் தாளைப் புரட்டி அம்மா நடுவில் "வெட்டு" என்று மட்டும் எழுதினார். எத்தனை நாள் என்று கேட்டேன். "மெஷின் வருகிறதைப் பொறுத்து" என்றார். இவர் பேனையை வாங்கி, அந்த வெட்டு என்ற சொல்லுக்குக் கீழே மூன்று கட்டத்தில் தன் பெயரை எழுதினார். நாலாவது கட்டத்தை இன்னும் யாரும் நிரப்பவில்லை.